மருந்து ஆராய்ச்சி: கேள்விகளும் பதில்களும்

(நச்சியல் துறையில் பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்து ஓய்வுபெற்றவர், இப்போது மருந்து, பயோடெக் கம்பெனிகளின் அறிவியல் ஆலோசனைக் குழுக்களில் இருப்பவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பயோடெக்னாலஜி படிக்கிறேன், மேடம். கம்பெனிகளின் இணையதளங்களில் 'அறிவியல் ஆலோசனைக் குழு' என்று பெரிய பேராசிரியர்களின் படங்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். இவர்கள் உண்மையிலேயே வேலை செய்கிறார்களா, சும்மா பெயருக்கா?

இரண்டு வகையும் உண்டு, தம்பி. பெயருக்கு இருக்கிற குழுவைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கம்பெனி என்ன செய்கிறது, குழுவில் இருப்பவர்கள் எதில் கைதேர்ந்தவர்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போதும். தெரனோஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். விரல் நுனியில் எடுக்கும் சில துளி ரத்தத்தில் ஏராளமான பரிசோதனைகளைச் செய்துவிடலாம் என்றார்கள். அவர்களுடைய இயக்குநர் குழுவில் ஹென்றி கிஸ்ஸிங்கர், ஜார்ஜ் ஷுல்ட்ஸ் என்று அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர்களே இரண்டு பேர். ஆய்வக மருத்துவம் தெரிந்தவர்களை வைத்து ஆலோசனைக் குழு அமைத்தது 2016-ல்தான். சொன்னபடி பரிசோதனை செய்ய முடியவில்லை என்ற குட்டு அதற்கு முந்தைய வருடமே பத்திரிகையில் உடைந்துவிட்டது! 2018-ல் கம்பெனியை மூடினார்கள்.

வேலை செய்கிற குழு எப்படி இருக்கும் என்று கேட்டால், நான் இருந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். இளம் விஞ்ஞானி ஒருவர் திரையில் வரைபடம் காட்டினார். மருந்து கொடுத்த சுண்டெலிகளில் கட்டி பாதி அளவுதான் வளர்ந்திருக்கிறது. பணம் போட்டவர்கள் முகத்தில் ஒரே பூரிப்பு. "எலிகள் ஒழுங்காகச் சாப்பிட்டனவா?" என்று கேட்டேன். அவர் விழித்தார். மருந்தின் நச்சு தாங்காமல் எலி இரை எடுக்காமல் மெலிந்துபோனால், கட்டியும் மெதுவாகத்தான் வளரும். அதைக் கொண்டுபோய் மருந்தின் கணக்கில் எழுதக் கூடாது. எலிகளின் எடைப் பட்டியலைக் கேட்டோம், வந்தது. எடை குறையவே இல்லை. நல்லது.

சரி, கட்டியை அளந்தது யார், எந்தக் கூண்டுக்கு மருந்து போனது என்று அவருக்குத் தெரியுமா என்று அடுத்து கேட்டோம். தெரியும் என்றார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டது. எலியின் தோலுக்கு மேலிருந்து காலிப்பர் என்ற அளவுக் கருவியை வைத்துக் கையால்தான் அளக்கிறார்கள். கன அளவைக் கணக்கிடும்போது அகலத்தை இரண்டு முறை பெருக்க வேண்டும். அதனால் 10 மில்லிமீட்டர் அகலத்தை 9 என்று குறித்தாலே கட்டி ஐந்தில் ஒரு பங்கு சிறுத்துவிடும். யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. 'இந்த மருந்து வேலை செய்யணுமே' என்கிற ஆசை விரலுக்குப் போனாலே போதும். கூண்டு எது என்று தெரியாத ஆளை வைத்து முழுப் பரிசோதனையையும் மறுபடி செய்யச் சொன்னோம். தலைமை அதிகாரிக்கு அன்று எங்கள் மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

இதெல்லாம் நுணுக்கம் பார்ப்பது என்று நினைக்காதீர்கள். புற்றுநோய் ஆராய்ச்சியில் பெயர்பெற்ற 53 ஆய்வுகளின் முடிவுகளை ஆம்ஜென் கம்பெனி விஞ்ஞானிகள் சரிபார்த்தார்கள். 6 ஆய்வுகளின் முடிவுகளைத்தான் அவர்களால் உறுதிப்படுத்த முடிந்தது. 2012-ல் வெளியான கணக்கு இது.

கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு அதே கம்பெனியைப் பற்றி நடுநிலையாகப் பேச முடியுமா?

நடுநிலை என்று நான் சொல்லிக்கொள்ளவே மாட்டேன். கம்பெனியின் ஆலோசகர் கம்பெனிக்காகத்தான் பேசுகிறார். கூட்டத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் வரும், சின்னக் கம்பெனியாக இருந்தால் பங்குகளும் தருவார்கள். மருந்து தேறாது என்று சீக்கிரம் சொல்லிவிட்டால் கம்பெனிக்குக் கோடிக்கணக்கில் மிச்சம், அதற்குத்தான் அந்தக் காசு. பங்கு வாங்கிக்கொண்டவருக்கு அப்படிச் சொல்ல நாக்கு எழாது என்பது என் கணிப்பு. அதனால் நான் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விவகாரமாவது, ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்காரும்போது. சிட்னி கில்மன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் பேராசிரியர். பாப்பினியூசுமாப் என்ற அல்சைமர் (மறதிநோய்) மருந்துப் பரிசோதனையில் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழுவின் தலைவராகவும் இருந்தார். அதே சமயத்தில், முதலீட்டாளர்களுக்கு நிபுணர்களைப் பிடித்துத் தரும் ஏஜென்சி வழியாக மணிக்கு ஏறக்குறைய 1,000 டாலருக்கு ஆலோசனையும் சொல்லிக்கொண்டிருந்தார். 2008-ல், பரிசோதனை முடிவுகள் வெளியாகும் முன்பே அவற்றை மேத்யூ மார்டோமா என்ற நிதி மேலாளரிடம் சொல்லிவிட்டார். மார்டோமாவின் நிறுவனம் அந்த மருந்துக் கம்பெனிகளின் பங்குகளை விற்றுத் தள்ளியது. லாபமும் தவிர்த்த நஷ்டமும் சேர்ந்து சுமார் 27.5 கோடி டாலர். மார்டோமாவுக்கு 2014-ல் 9 ஆண்டு சிறைத்தண்டனை. பேராசிரியர் அரசுத்தரப்புச் சாட்சியானதால் வழக்கிலிருந்து தப்பினார்.

அவர் நீதிமன்றத்தில் சொன்ன ஒன்று என் மனதில் தங்கிவிட்டது. மார்டோமாவைப் பார்த்தால் இறந்துபோன மூத்த மகன் நினைவு வந்ததாம். பணம் மட்டும்தான் ஆளைக் கவிழ்க்கும் என்று ஒப்பந்தம் எழுதும் வக்கீல்கள் நினைக்கிறார்கள். அக்கறையாக, பொறுமையாகக் கேள்வி கேட்கிற ஓர் ஆள் கிடைத்தாலும் ரகசியம் வெளியே வந்துவிடும்.

நிபுணர் குழு வேண்டாம் என்று சொன்ன மருந்துக்கே அனுமதி கிடைத்தது என்று படித்தேன். அப்புறம் எதற்குக் குழு?

நீங்கள் படித்தது அடுகனுமாப் பற்றி இருக்கும். அதுவும் அல்சைமர் மருந்துதான். 2020 நவம்பரில், மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.-வின் ஆலோசனைக் குழு கூடியது. மருந்து பலன் தருவதற்குப் போதிய ஆதாரம் இருக்கிறதா என்ற முக்கியக் கேள்விக்கு 'ஆம்' என்று ஒரு வாக்குகூட இல்லை. 10 பேர் 'இல்லை', ஒருவர் 'நிச்சயமில்லை'. அப்படியிருந்தும் 2021 ஜூனில் அனுமதி வந்தது. நோயாளியின் நினைவாற்றல் தேறியதா என்பதை விட்டுவிட்டு, மூளையில் படிந்த அமிலாய்டு என்ற புரதம் குறைந்ததை அடிப்படையாக வைத்துக் கொடுத்தார்கள். குழுவில் மூன்று பேர் ராஜினாமா செய்தார்கள்.

சட்டப்படி அந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம், கட்டாயப்படுத்த முடியாது. இதற்காகக் குழுவையே வீண் என்று ஒதுக்கிவிட மாட்டேன். கேள்விகள், பதில்கள், வாக்கு எல்லாம் பகிரங்கமாகப் பதிவாகியிருந்தன. வருடத்துக்கு 56,000 டாலர் விலை வைத்த அந்த மருந்தை எழுதிக்கொடுக்கப் பல மருத்துவர்கள் தயங்கினார்கள், காப்பீட்டுக்காரர்கள் கையை இறுக்கிக்கொண்டார்கள். 2024 ஜனவரியில் அதை விற்ற பயோஜென் கம்பெனி, மருந்தை நிறுத்துவதாக அறிவித்தது.

என் அம்மா ஒரு மருந்துப் பரிசோதனையில் சேர்ந்திருக்கிறார். நடுவில் ஏதாவது தப்பாகப் போனால் யார் கவனிப்பார்கள்? எனக்குத் தூக்கமே வருவதில்லை.

அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் மருத்துவரைத் தவிர இன்னொரு குழுவும் இருக்கலாம். பெரிய பரிசோதனைகளில் தரவுக் கண்காணிப்புக் குழு என்று வைப்பார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்பது உங்கள் மருத்துவருக்கே தெரியாதபோது, இந்தக் குழு இரண்டு பக்கத்துக் கணக்கையும் பிரித்துப் பார்க்கலாம். நிறுத்தச் சொல்லவும் செய்யலாம். டார்செட்ரபிப் என்ற மருந்து நல்ல கொலஸ்ட்ராலை ஏற்றியது. ஃபைசர் அதைப் பெரிதாக நம்பியிருந்தது. 15,000 பேர் சேர்ந்த பரிசோதனை அது. 2006 டிசம்பரில் குழு பார்த்தபோது மருந்து எடுத்த பக்கம் 82 மரணம், எடுக்காத பக்கம் 51. உடனே நிறுத்தினார்கள்.

அதே வருடம் மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க்கில் நடந்தது வேறு கதை. டி.ஜி.என்.1412 என்ற மருந்தை முதன்முதலாக மனிதர்களுக்கு ஏற்றினார்கள். குரங்குகள் தாங்கியதில் 500-ல் ஒரு பங்கு டோஸ்தான். இருந்தும் ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழந்தன. நல்லவேளை, அனைவரும் பிழைத்தார்கள். என் துறைக்காரர்களுக்கு இன்றும் வயிற்றைக் கலக்குவது டோஸ்கூட இல்லை. ஒருவருக்கு ஏற்றிய சில நிமிடங்களில் அடுத்தவருக்கு ஏற்றிவிட்டார்கள். முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கக்கூட நேரம் விடவில்லை. பிறகு அரசு அமைத்த நிபுணர் குழு, இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கொடுங்கள் என்றது. ஆரம்ப டோஸைக் கணக்கிடும் முறையும் மாறியது.

நீங்கள் இதைச் செய்யுங்கள். அம்மா கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தை எடுத்து, கண்காணிப்புக் குழு பற்றி இருக்கிறதா, அவசரத்துக்கு எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று பாருங்கள். புதிதாக ஆபத்து ஏதாவது தெரிந்தால் எங்களுக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் அம்மா எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் முதலில் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

முனைவர் பட்டம் முடிக்கப் போகிறேன். ஆலோசகர் ஆக ஏதாவது சர்டிஃபிகேட் கோர்ஸ் படிக்கலாமா?

கோர்ஸைப் பார்த்து யாரும் ஆலோசகராகக் கூப்பிடுவதில்லை. முதலில் மருந்து தயாராகிற இடத்தில் போய் வேலை பாருங்கள். கல்லீரல் நச்சோ, ஆன்டிபாடி உற்பத்தியோ, ஏதாவது ஒரு குறுகலான விஷயத்தில் தோற்றுப்போன மருந்துகளைக் கிட்டத்தில் பார்த்திருக்க வேண்டும். அந்த அனுபவத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். அழைப்பு வந்ததும் ஒப்பந்தத்தில் இரண்டைத் தேடுங்கள்: நீங்கள் கொடுக்கிற யோசனை யாருக்குச் சொந்தம், உங்கள் சொந்த ஆராய்ச்சியை வெளியிடத் தடை இருக்கிறதா. பல்கலைக்கழக வேலையில் இருந்தால் அவர்களுடைய அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.