7 எம்எம்-08 ரைபிளில் எல்க் வேட்டை: எந்தக் குண்டு வாங்குவது?

கேள்வி: கொலராடோவில் இருக்கிறேன். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டேன். அக்டோபரில் பெண் எல்க் (பெரிய வகை மான்) சுட அனுமதிச் சீட்டும் கிடைத்துவிட்டது. கையில் இருப்பது 7 எம்எம்-08 ரைபிள். எல்க்குக்கு மேக்னம், அதாவது மருந்து கூடுதலாகப் போட்ட வேகமான தோட்டா சுடும் துப்பாக்கி, இல்லாமல் முடியாது என்று அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். புதுத் துப்பாக்கி வாங்க வேண்டுமா, இதற்கே பொருத்தமான குண்டு இருக்கிறதா?

பதில்:

புதுத் துப்பாக்கி வேண்டாம். அதற்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை நல்ல தோட்டாவிலும் பயிற்சியிலும் போடுங்கள். நானும் இதே 7 எம்எம்-08ஐத்தான் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டு ஃப்ரீசரில் இருக்கும் எல்க் கறி எல்லாம் அதில் வந்ததுதான். கீழே தோட்டா என்று எழுதினால் பித்தளைக் கூடு, மருந்து எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்றால் குழலை விட்டுப் பறந்து போகும் பகுதி மட்டும்.

முதலில் சட்டம். எல்க்குக்குக் கொலராடோ கேட்பது குறைந்தது .24 அங்குல உள்விட்டம் உள்ள குழல், குறைந்தது 85 கிரெய்ன் எடையுள்ள விரியும் குண்டு, 100 யார்டில் 1,000 ஃபுட்-பவுண்ட் ஆற்றல். உங்கள் ரைபிளில் 140 கிரெய்ன் குண்டு, அதாவது சுமார் 9 கிராம், நொடிக்கு ஏறக்குறைய 2,800 அடி வேகத்தில் கிளம்பும். அப்போது அதன் ஆற்றல் 2,400 ஃபுட்-பவுண்டுக்கு மேல். சட்டம் கேட்பதைத் தாராளமாகத் தாண்டிவிடுகிறது. 'விரியும் குண்டு' என்ற சொல்லை மட்டும் கவனியுங்கள். மலிவாகக் கிடைக்கும் முழு உறை போட்ட ராணுவ வகைக் குண்டுகளைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், வேட்டைக்கு எடுத்துப் போகக் கூடாது.

எல்க் எவ்வளவு பெரிய விலங்கு என்பது மனதில் பதியட்டும். பெண் எல்க் 225 கிலோ அளவில் இருக்கும், முழு வளர்ச்சி அடைந்த ஆண் 320 கிலோ வரை வரும். ஆனைமலைப் பக்கம் பெரிய மிளாவைப் பார்த்தவர்களுக்கு இந்த உருவம் புரியும். இந்த ஊரில் மற்றவர்கள் சுடும் சாதாரண மான்கள் இதில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்குதான். மானுக்கு ஏற்ற குண்டு எல்க்கிடம் தோற்பது இதனால்தான்.

குண்டுக்கு உடம்புக்குள் இரண்டு வேலை. முனை மலர்ந்து அகலமான காயம் உண்டாக்க வேண்டும், நெஞ்சைத் தாண்டி மறுபக்கம் வரை போகவும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். சீக்கிரம் மலர்ந்து சிதறுகிற குண்டு, சின்ன மானின் மெல்லிய விலாவுக்குள் போனால் மான் நின்ற இடத்திலேயே விழும். அதே குண்டு எல்க்கின் மேல்கை எலும்பில் பட்டால் அங்கேயே சிதறி நின்றுபோகும். நுரையீரலுக்கு எதுவும் போய்ச் சேராது. காயம்பட்ட விலங்கு மலைச் சரிவில் இறங்கி அடர்ந்த ஸ்ப்ரூஸ் காட்டுக்குள் மறைந்துவிடும், வேதனையோடு பல நாள் கிடந்து சாகும். குண்டைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசுவதே அது நடக்கக் கூடாது என்பதற்காக.

இந்தச் சிக்கல் பழையது. 1946இல் ஜான் நாஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் (எல்க்கைவிடப் பெரிய மான்) வேட்டைக்குப் போனார். கையில் இருந்தது .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம். உடம்பெல்லாம் சேறு காய்ந்திருந்த மூஸின் தோளில் சுட்டார். குண்டுகள் உள்ளே போகாமல் மேலேயே உடைந்தன. துப்பாக்கி பெரிதுதான், வேகமும் அதிகம், குண்டுதான் தாங்கவில்லை. ஊருக்குத் திரும்பி அவர் உருவாக்கியதுதான் பார்ட்டிஷன் குண்டு. நடுவே செம்புத் தடுப்பு, முன்னறையில் ஈயம், பின்னறையில் ஈயம். முன்பகுதி மலர்ந்து தேய்ந்தாலும் தடுப்புக்குப் பின்னால் இருப்பது கட்டையாக நின்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 1948இல் விற்பனைக்கு வந்தது, இன்றும் வாங்கலாம். மேக்னம் வாங்கச் சொல்லும் நண்பர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், ஏனென்றால் அன்று தோற்றது ஒரு மேக்னம்தான்.

சரி, கடையில் என்ன கிடைக்கும்? மிகச் சாதாரணமானது ஈயத்தின் மேல் செம்பு உறை மட்டும் போட்ட வகை. ரெமிங்டனின் கோர்-லாக்ட், வின்செஸ்டரின் பவர்-பாயின்ட் எல்லாம் இந்தக் குடும்பம். 7 எம்எம்-08 நிதானமான வேகத்தில் சுடுவதால், மேக்னத்தில் சிதறுகிற குண்டுகூட இதில் ஓரளவு ஒழுங்காக நடந்துகொள்ளும். விலங்கு முழுப் பக்கவாட்டில் நின்றால் இது போதும். ஆனால் எல்க் நமக்கு வசதியாகத்தான் நிற்கும் என்று நம்பிப் போக முடியாது. முன்பக்கம் சாய்ந்து நின்றால் வழியில் தோள் எலும்பு. பின்பக்கம் சாய்ந்து நின்றால் ஈரப்புல் அடைத்த இரைப்பை. அந்த இரைப்பை குண்டுகளை நிறுத்துவதில் எலும்புக்குச் சளைத்ததில்லை. அதனால் நீங்கள் சுடச் சம்மதிக்கும் மோசமான கோணம் எதுவோ, அதைத் தாங்கும் குண்டைத்தான் வாங்க வேண்டும்.

அதற்கு மூன்று வழிகள். ஒன்று, மேலே சொன்ன பார்ட்டிஷன், 140 கிரெய்ன். இரண்டாவது, ஈயத்தையும் உறையையும் பிரியாமல் பிணைத்துச் செய்த குண்டுகள். நாஸ்லரின் அக்யூபாண்ட், ஃபெடரலின் ஃப்யூஷன் போன்றவை. இவற்றிலும் 140 கிரெய்ன்தான் இந்தத் தோட்டாவுக்கு இயல்பான எடை. ஃப்யூஷன் விலையும் குறைவு. மூன்றாவது, ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு. பார்ன்ஸ் நிறுவனம் 1989இல் எக்ஸ் புல்லட் என்று கொண்டுவந்தது, இப்போது டிடிஎஸ்எக்ஸ் வரைக்கும் வந்திருக்கிறது. முனை நான்கு இதழாக விரியும், எடை கிட்டத்தட்ட அப்படியே மிஞ்சும். எடை குறையாததால் இதில் 120 கிரெய்ன் எடுத்தாலே போதும். ஈயத்தைவிடச் செம்பு லேசு என்பதால் ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும், நீளமான குண்டை நிலையாகச் சுழற்றக் குழலின் மரை (உள்ளே திருகுபோல் ஓடும் வரி) வேகமாக, அதாவது நெருக்கமாகச் சுற்றுவதாக இருக்க வேண்டும். எடையைக் குறைத்து வாங்கினால் அந்தத் தொல்லையும் இல்லை.

என் கருத்தைக் கேட்டால், வீட்டில் குழந்தைகள் இருந்தால் செம்பு. எங்கள் மகள் பிறந்த பிறகு நாங்கள் அதற்கு மாறினோம். 2008இல் வடக்கு டகோடாவில், வேட்டைக்காரர்கள் உணவு வங்கிகளுக்குத் தானமாகக் கொடுத்த மான் கறியை ஒரு மருத்துவர் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். பாக்கெட்டுகளில் ஈயத் துகள்கள் தெரிந்தன. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. அந்தக் கறியைக் கொடுக்க வேண்டாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை உணவு வங்கிகளிடம் சொன்னது. காயத்தைச் சுற்றி எவ்வளவு வெட்டி எறிந்தாலும் துகள் எங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. கொத்துக்கறி அரைக்கும்போது அது எல்லாப் பக்கமும் பரவிவிடும். கழுகுகளுக்கும் இதே ஆபத்துதான், காட்டில் விட்டுவரும் குடலை அவைதான் தின்கின்றன. காண்டோர் கழுகுகளைக் காப்பாற்றும் முயற்சியின் தொடர்ச்சியாகக் கலிஃபோர்னியா 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத் தோட்டாவைக் கட்டாயமாக்கியது. கொலராடோவில் எல்க்குக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனாலும் வருஷம் முழுக்க மிளகு வறுவலும் கோலா உருண்டையுமாக நாம் சாப்பிடப்போகிற கறி இது.

செம்பில் ஒரு குறை உண்டு. விரிவதற்கு வேகம் வேண்டும். மெதுவாகப் போய்ப் பட்டால் மலராமல் பென்சில் போல் துளைத்துவிட்டுப் போய்விடும். இங்கேதான் தூரக் கணக்கு வருகிறது. எல்க்குக்கு 1,500 ஃபுட்-பவுண்ட் வேண்டும் என்று ஒரு பழைய விதி சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்தக் குண்டு, எங்கே படுகிறது என்ற இரண்டும் அந்த எண்ணில் இல்லவே இல்லை. குண்டு போய்ப் படும் வேகத்தைப் பாருங்கள். பார்ட்டிஷன், அக்யூபாண்ட் இரண்டும் நொடிக்கு 1,800 அடி வரை விரியும். செம்புக்கு நான் 2,000க்குக் கீழே போவதில்லை. 7 எம்எம்-08இல் இந்த எந்தக் குண்டும் 300 யார்டில் 2,200 அடியை ஒட்டி இருக்கும். ஆக, 300 யார்டு வரை எந்தக் கவலையும் இல்லை. அதற்கு மேல் கணக்கு இடம் கொடுத்தாலும், முதல் வேட்டையில் சுட வேண்டாம். காற்று, மூச்சிரைப்பு, கை நடுக்கம் எல்லாம் அந்தத் தூரத்தில் சேர்ந்துகொள்ளும். பெட்டியில் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது. உங்கள் குழல் 20 அங்குலம் என்றால் 100 அடி வரை கழித்துக்கொள்ளுங்கள்.

போன பருவத்தில் ஆஸ்பென் மரங்களின் ஓரத்தில் நின்ற ஒரு பெண் எல்க்கை 200 யார்டுக்குள் சுட்டேன். 120 கிரெய்ன் செம்பு, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். இரண்டு நுரையீரலையும் துளைத்து வெளியே போய்விட்டது. ஆனால் அது விழவில்லை! ஒன்றும் நடக்காதது போல நின்றது. எல்க்கிடம் இது சகஜம் என்று என்னோடு வரும் பக்கத்து வீட்டுப் பெரியவர் முன்பே சொல்லியிருந்தார், நின்றுகொண்டிருக்கும் வரை மறுபடி சுடு என்பார். இரண்டாவது குண்டுக்குப் பிறகு சில அடி நடந்து சாய்ந்தது. நீங்களும் முதல் குண்டு சுட்டதும் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றிவிடுங்கள், என்ன ஆயிற்று என்று தலையைத் தூக்கிப் பார்ப்பது அப்புறம். குண்டு மறுபக்கம் வெளியேறுவதை நான் பெரிதாக நினைப்பதற்கும் காரணம் இருக்கிறது. எல்க்கின் முடி அடர்த்தி, நுழைந்த துளையிலிருந்து வரும் ரத்தத்தை அதுவே உறிஞ்சிவிடும். தரையில் தடம் கிடைக்க வேண்டுமானால் இரண்டாவது துளை வேண்டும்.

கடைசியாக, எந்தக் குண்டு என்பதை முடிவு செய்யும் உரிமை உங்கள் ரைபிளுக்கும் உண்டு. செம்பில் ஒரு பெட்டி, பார்ட்டிஷனிலோ அக்யூபாண்டிலோ ஒரு பெட்டி, ஃப்யூஷனில் ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஈயத்திலிருந்து செம்புக்கு மாறும்போது குழலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சுடுங்கள், இல்லாவிட்டால் குண்டுகள் கலைந்து விழுந்து நல்ல தோட்டாவைக் குறை சொல்ல வைக்கும். 100 யார்டில் மூன்று குண்டும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் போதும், அதற்குமேல் துல்லியம் தேடிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். செம்பு உங்கள் குழலுக்கு ஒத்துவரவில்லை என்றால் தயங்காமல் பார்ட்டிஷனுக்குப் போங்கள், காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள். முடிவானதும் அதே வகையில், அதே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) பருவம் முழுக்கப் போதுமான பெட்டிகளை ஆகஸ்டுக்குள் வாங்கிவிடுங்கள். அக்டோபர் நெருங்கினால் 7 எம்எம்-08 அலமாரி காலியாகத்தான் இருக்கும். ஸ்கோப்பை 200 யார்டுக்கு ஜீரோ செய்யுங்கள், அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்யுங்கள். 100இல் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே படும், 300இல் எட்டு அங்குலம் போலக் கீழே போகும். இதை எழுதி ரைபிளின் கட்டையிலேயே ஒட்டிவிடுங்கள். பிறகு மேசையை விட்டு எழுந்து, உட்கார்ந்தும் முழங்காலிட்டும் மரத்தில் சாய்ந்தும் அந்த ஜீரோவில் சுட்டுப் பழகுங்கள். மலைக்கு வண்டியில் ரைபிள் குலுங்கிப் போன பிறகு, முகாமில் இறங்கியதும் ஒரு குண்டு சுட்டு ஜீரோ நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.