மகன் வாங்கித் தரும் 24 ஆயிரம் ரூபாய் ஷூ பத்து நிமிடத்தைக் குறைக்குமா?

கேள்வி: வணக்கம்ங்க ஐயா. எனக்கு வயது 44, எடை 82 கிலோ. கோபிசெட்டிபாளையத்தில் மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடமாக வாரம் நான்கு நாள், விடியற்காலையில் கீழ்பவானி வாய்க்கால் கரையில் ஓடி வருகிறேன். ஒரு கிலோமீட்டருக்கு 7 நிமிடம் ஆகிறது. வருகிற டிசம்பரில் கோவை மாரத்தானில் 21 கிலோமீட்டர் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். பெங்களூரில் வேலையில் இருக்கும் மகன், கார்பன் பிளேட் வைத்த ஷூ வாங்கித் தருவதாகச் சொல்கிறான். விலை 24 ஆயிரமாம். அதைப் போட்டு ஓடினால் பத்து நிமிடம் குறையும் என்கிறான். அவ்வளவு காசுக்கு அதில் விஷயம் இருக்கிறதுங்களா? முட்டி வலியும் போய்விடும் என்கிறார்களே, அது நிஜமா?

பதில்: பத்து நிமிடம் குறையாது. உங்கள் வேகத்தில் 21 கிலோமீட்டரை முடிக்க ஏறத்தாழ 2 மணி 28 நிமிடம் ஆகும். அதில் ஒன்று, ஒன்றரை நிமிடம் குறைந்தால் அதுவே அந்த ஷூ தரக்கூடிய லாபம். அதற்காக இந்த ஷூக்களை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அவை உண்மையிலேயே வேலை செய்கின்றன. யாருக்கு, எந்த வேகத்தில் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

என்னிடம் இயன்முறைச் சிகிச்சைக்கு வந்த ஓட்டக்காரர் ஒருவர் தேய்ந்துபோன அத்தகைய ஷூ ஒன்றை விட்டுச் சென்றார். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் அதை ஆக்சா பிளேடால் நெடுக்காக அறுத்தேன். குதிகால் பக்கம் இரண்டு விரற்கடை உயரத்துக்கு வெள்ளை ஃபோம். அதன் நடுவே, குழம்புக் கரண்டியைப் பக்கவாட்டில் பார்த்ததுபோல் வளைந்து, மெல்லிய கறுப்புத் தகடு ஒன்று. அவ்வளவுதான். எல்லோரும் பேசுவது அந்தக் கார்பன் தகட்டைப் பற்றி. ஆனால் பெரும்பங்கு வேலையைச் செய்வது ஃபோம்தான். சாதாரண ஓட்ட ஷூக்களிலும், மழைக்குப் போடும் லேசான செருப்புகளிலும் இருக்கும் ஈ.வி.ஏ. ஃபோமை அமுக்கினால், அமுக்கிய ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அது திருப்பித் தருகிறது. பந்தய ஷூவில் உள்ள பெபா வகை ஃபோமோ ஆய்வகச் சோதனையில் 87 சதவீதத்தைத் திருப்பித் தந்தது. 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் தகட்டைக் குறுக்கே பல இடங்களில் வெட்டிவிட்டு ஓடச் சொல்லிப் பார்த்தார்கள். ஓடுவோருக்குச் செலவான ஆற்றலில் பெரிய மாற்றம் தெரியவில்லை.

உங்கள் மகன் சொல்லும் கணக்கு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. 2017இல் நைக்கியின் வேப்பர்ஃபிளை சந்தைக்கு வந்தபோது அதன் பெயரிலேயே 4 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். அந்த எண் பொய்யில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 18 தேர்ந்த ஓட்டக்காரர்களை வைத்துச் செய்த சோதனையில் சராசரியாக 4 சதவீத ஆற்றல் மிச்சமாகியிருந்தது. ஆனால் அவர்கள் ஓடியது மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டர் வேகத்தில். நீங்கள் ஓடுவதோ மணிக்கு எட்டரை கிலோமீட்டர். அவர்கள் தரையில் விழும் விசையும், ஃபோம் அமுங்கி எழும் விதமும் வேறு. மெதுவாக ஓடுவோருக்கு என்ன ஆகும் என்று டெக்சாஸில் 16 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மிச்சம் சராசரியாக 1.4 சதவீதம், 10 கிலோமீட்டர் வேகத்தில் 0.9 சதவீதம். அதுவும் சராசரிதான், சிலருக்கு அந்த ஷூவில் ஆற்றல் கூடுதலாகவே செலவானது. நீங்கள் எந்தப் பக்கம் விழுவீர்கள் என்பதைக் கடையில் இரண்டு எட்டு நடந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது.

காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய இலக்கு. ஏழரை நிமிடத்தில் நிற்பவரை எந்த ஷூவும் ஏழுக்குக் கொண்டுவந்துவிடாது. கொஞ்ச தூரம் வேகமாக ஓடி, இடையில் மெதுவாக நடந்து இளைப்பாறி, மறுபடி ஓடும் இடைவெளிப் பயிற்சியை ஆறு வாரம் ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடுவார். உங்களுக்கும் அதே கதைதான். ஓட்டத்தில் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய உடல் எடையின் விகிதத்தில் ஏறி இறங்கும் என்பதால், 82 கிலோ 78 ஆனால் ஏறத்தாழ 5 சதவீதம் மிச்சம். டிசம்பருக்குள் நான்கு கிலோ குறைப்பது எளிது என்று நான் சொல்ல வரவில்லை. மண்டியில் ஒரு நாளைக்கு எத்தனை டீ, அதில் எத்தனை கரண்டி சர்க்கரை என்று கணக்கு எழுதும் உங்களுக்கே தெரியும்.

இனி, நீங்கள் ஓடும் இடம். வாய்க்கால் கரை மண்பாதை. சரளையும் வண்டித் தடமுமாக மேடு பள்ளம் நிறைந்தது. தண்ணீர் திறந்துவிட்ட மாதங்களில் சில இடங்களில் சொதசொதவென்றும் இருக்கும். பந்தய ஷூ தார் ரோட்டுக்காகச் செய்தது. எடையைக் குறைப்பதற்காக அடியில் ரப்பரை ஆங்காங்கே மட்டும் ஒட்டி, மற்ற இடங்களில் ஃபோமை அப்படியே விட்டிருப்பார்கள். கூர்மையான சரளைக்கல் அதைக் கொத்தி எடுத்துவிடும். உயரமான, மெத்தென்ற அடிப்பகுதி வண்டித் தடத்தின் விளிம்பில் பட்டால் கணுக்கால் பிசகுவதும் சுலபம். உலகத் தடகள அமைப்பு 2020இல் சாலை ஓட்டத்துக்கான ஷூ அடிப்பகுதியின் உயரத்துக்கு 40 மில்லிமீட்டர் என்று வரம்பு வைத்தது; பந்தய ஷூக்களில் பல அந்த வரம்பை ஒட்டியே நிற்கின்றன.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஸ்பெயினைச் சேர்ந்த ஆய்வாளர்களின் சோதனையில், 450 கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த பெபா ஷூ, சாதாரண ஈ.வி.ஏ. ஷூவைவிட மேலானதாக இல்லை. புதிதில் இருந்த லாபம் அதற்குள் கரைந்துவிட்டது. வாரம் 30 கிலோமீட்டர் ஓடினால் 15 வாரத்தில் அந்த எல்லை வந்துவிடும். 24 ஆயிரத்தை 450ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 53 ரூபாய். 6 ஆயிரம் ரூபாய் ஷூ 600 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு 10 ரூபாய்.

முட்டி வலி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கார்பன் பிளேட் முட்டி வலிக்கு மருந்தல்ல. பழகாத கால்களுக்கு அது சுமையை வேறு இடத்துக்கு மாற்றிவிடவும் கூடும். இத்தகைய ஷூ அணிந்து ஓடிய ஐந்து பேருக்கு, கணுக்காலுக்குச் சற்று முன்னால் பாதத்தின் நடுவே இருக்கும் சிறு எலும்பில், திரும்பத் திரும்ப விழும் சுமையால் காயம் ஏற்பட்டதை 2023இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஐந்து பேரை வைத்து ஷூதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வயதிலும் எடையிலும் இருப்பவர்களுக்கு ஓட்டத்தால் முட்டி வலி வருவதற்கு நான் அடிக்கடி காணும் காரணங்கள் இரண்டு: போட்டிக்குப் பெயர் கொடுத்த வேகத்தில் தூரத்தைத் திடீரென்று கூட்டுவது, தொடையும் இடுப்பும் வலுவில்லாமல் இருப்பது. படி ஏறி இறங்கும் பயிற்சியும், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் வாரம் மூன்று நாள் செய்யுங்கள். முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது பிடித்துக்கொண்டாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள்.

அப்படியானால் என்ன ஷூ வாங்குவது? 5 முதல் 8 ஆயிரத்துக்குள், உங்கள் பாதத்துக்குப் பொருந்தும் சாதாரண ஓட்ட ஷூ. முடிந்தால் இரண்டு ஜோடி, இரண்டும் வெவ்வேறு வகையாக. லக்சம்பர்க்கில் 264 பேரை 22 வாரம் கவனித்ததில், ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. கடைக்குக் காலையில் போகாதீர்கள். மண்டி வேலை முடிந்து, பாதம் சற்று உப்பியிருக்கும் மாலையில், ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு போங்கள். இரண்டு காலிலும் போட்டு, கயிற்றைக் கட்டி, எழுந்து நின்றபின் நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். நம் பக்கத்தில் சிறு வயது முழுக்கக் காடு தோட்டத்தில் வெறுங்காலோடும் செருப்போடும் நடந்தவர்களுக்குப் பாதத்தின் முன்பகுதி விரிந்திருக்கும். சுண்டுவிரல் துணியைத் துருத்திக்கொண்டு நின்றால் நீளத்தில் அடுத்த அளவுக்குப் போகாமல், அதே அளவில் அகலம் கூடிய வகை இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் 'போடப் போட விட்டுக் கொடுக்கும்ங்க' என்பார். அதை நம்பி வாங்கி, நகம் கறுத்து என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர்.

இத்தனைக்குப் பிறகும் மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்துவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டாம். வாய்க்கால் கரைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். அக்டோபர் கடைசியில் தொடங்கி, வாரம் ஒரே ஒரு நாள், தார் ரோட்டில் 3 கிலோமீட்டர், அடுத்த வாரம் 5, பிறகு 8 என்று பழகிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை கட்டிலைவிட்டு இறங்கும்போது கெண்டைக்காலோ பாதத்தின் மேல்பக்கமோ வலிக்கிறதா என்று கவனியுங்கள். பாதத்தின் மேல்பக்கம் ஒரே இடத்தில் விரலால் தொட்டாலே வலித்தால், கோவையில் பழைய ஷூவிலேயே ஓடுங்கள்.