கென்யாவில் விதைத் தொழில்: மக்காச்சோளத்தில் தொடங்கலாமா?

கேள்வி: சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. வேளாண் பட்டம் முடித்து, வீரிய ஒட்டு மக்காச்சோள விதை உற்பத்தியில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். மூன்று ஆண்டுகளாகக் கென்யாவின் எல்டோரெட்டில் இருக்கிறேன். உள்ளூர் நண்பர்கள் இருவரோடு விதை நிறுவனம் தொடங்க ஆசை. எங்களிடம் பெரிய மூலதனம் இல்லை. மக்காச்சோளத்தில் ஆரம்பிக்கலாமா? நம் ஊர் ரகங்களை இங்கே கொண்டுவந்து விற்க முடியுமா?

பதில்: உங்கள் அனுபவம் மக்காச்சோளத்தில் என்பதால் இந்த எண்ணம் வந்திருக்கிறது, புரிகிறது. ஆனால் முதல் பயிராக அதை எடுக்காதீர்கள். அதுவும் நீங்கள் இருக்கும் எல்டோரெட், கிட்டாலே மேட்டுநிலத்தில் வேண்டவே வேண்டாம்.

அங்கே யாரோடு போட்டி என்று பாருங்கள். கென்யா சீட் கம்பெனி 1956இல் கிட்டாலேயில் தொடங்கியது. எக்வடோர் 573 என்ற தென் அமெரிக்க மக்காச்சோளத்தை உள்ளூர் கிட்டாலே ரகத்தோடு கலந்து உருவாக்கிய எச்611 என்ற ஒட்டு ரகம் 1964இல் வெளிவந்தது. பெரிய பண்ணைக்காரர்கள் மட்டுமல்ல, ஓரிரு ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயிகளும் அதை வேகமாக எடுத்துக்கொண்டார்கள். பின்னால் 1986இல் வந்த எச்614ஐப் பல பத்தாண்டுகள் கழித்தும் கேட்டு வாங்குகிறார்கள். அதைவிட நல்ல ரகங்கள் வராமல் இல்லை. அப்பா வாங்கிய பை, விளைந்த பை என்ற நம்பிக்கைதான் காரணம். அதை விளம்பரத்தால் அசைக்க முடியாது.

நம் ஊர் ரகங்களைப் பற்றிக் கேட்டீர்கள். இங்கே நாம் விளைவிப்பது பெரும்பாலும் கோழித்தீவனத்துக்கான மஞ்சள் மக்காச்சோளம். கென்யாவில் தினசரி உணவே உகாலி என்ற மக்காச்சோளக் களி, அதற்கு வெள்ளை மாவுதான் வேண்டும். மஞ்சள் விதையை எவ்வளவு நல்ல விளைச்சல் காட்டினாலும் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று விதைப்பவர் வாங்க மாட்டார். அப்புறம் நோய். 2011இல் பொமெட் பகுதியில் மக்காச்சோள உயிர்க்கொல்லிக் கருகல் நோய் வெடித்தது. இரண்டு வைரஸ்கள் சேர்ந்து தாக்கும் நோய் அது. வயல் வயலாகப் பயிர் காய்ந்தது. அதில் ஒரு வைரஸ் விதை வழியாகவும் பரவக்கூடியது. 2013இல் நைவாஷாவில் இந்த நோய்க்கென்றே ரகங்களைச் சோதிக்கும் நிலையம் தொடங்கினார்கள். அங்கே தாக்குப்பிடிக்காத ரகத்தைக் கொண்டுபோய் விவசாயி கையில் கொடுப்பது அவருக்குச் செய்யும் கெடுதல்.

சட்டமும் நம் ஊர் மாதிரி இல்லை. இங்கே சான்று பெறாமலே உண்மைநிலை விதை என்று அட்டை கட்டி விற்கலாம். கென்யாவில் முக்கிய உணவுப் பயிர்களுக்குச் சான்று கட்டாயம். கெஃபிஸ் என்ற அரசு நிறுவனம்தான் ரகத்தைத் தேசிய அளவிலான வயல் சோதனையில் பார்த்து, விதைப் பயிரை வயலில் ஆய்வு செய்து, முளைப்புத்திறனைச் சோதித்து அட்டை கொடுக்கும். புது ரகம் என்றால் சோதனைக்கே பல பட்டங்கள், அதாவது சாகுபடிப் பருவங்கள், போய்விடும். ஏற்கெனவே வெளியிடப்பட்ட ரகத்தை உரிமத்தோடு எடுப்பதுதான் உங்களைப் போன்ற சிறு நிறுவனத்துக்கு வழி.

சரி, எங்கே தொடங்குவது? என் யோசனை உக்கம்பானி. மச்சாக்கோஸ், மக்குவேனி, கிட்டுயி என்று நைரோபிக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் கிடக்கும் மானாவாரிப் பூமி. பயிர், பாசிப்பயறு. அங்கே அதற்கு என்டெங்கு (ndengu) என்று பெயர்; குழம்பு வைத்துச் சப்பாத்தியோடு சாப்பிடுகிறார்கள். மக்குவேனி, கிட்டுயி விவசாயிகளுக்கு அது பணப்பயிரும்கூட. கட்டுமானி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த என்26 போன்ற ரகங்கள் இருந்தும், பெரும்பாலான விவசாயிகள் போன பட்டத்தில் எடுத்து வைத்ததையோ, சந்தையில் உணவுக்காக விற்கும் பயறையோதான் விதைக்கிறார்கள்.

பாசிப்பயறு என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. மக்காச்சோளம் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். விதை வயலைச் சுற்றி 200 மீட்டராவது வேறு மக்காச்சோளம் இருக்கக் கூடாது. ஊரெல்லாம் மக்காச்சோளம் நிற்கும் இடத்தில் அந்த இடைவெளிக்கு எங்கே போவீர்கள்? ஆண் பூவைச் சரியான நாளில் கிள்ளவும் ஆள் வேண்டும். கிட்டாலே இருக்கும் ட்ரான்ஸ் இன்சோயா மாவட்டத்தில் பெரிய பண்ணைகளை வைத்து விதை எடுப்பது இதனால்தான். பாசிப்பயறு தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர், சில மீட்டர் இடைவெளியே போதும். அதனால் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் பெண்கள் குழுகூட உங்களுக்கு விதை உற்பத்தியாளராக முடியும்.

இதில் எல்லாரும் சறுக்கும் இடம் ஆதார விதை, அதாவது விற்பனைக்கான சான்று விதையை எடுக்க வயலில் விதைக்கும் விதை. விதைத் தொழில் என்றால் சுத்திகரிப்பு இயந்திரமும் பளபளப்பான பையும் என்று நினைத்துப் பணத்தை அதில் போட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 டன் சான்று விதை விற்க ஆசை என்று வைத்துக்கொள்வோம். சுத்தம் செய்த பிறகு ஏக்கருக்கு 400 கிலோ என்றால் 250 ஏக்கர் வேண்டும். ஏக்கருக்கு 8 கிலோ வீதம் 2,000 கிலோ ஆதார விதை. அதை எடுக்க 5 ஏக்கர், அந்த 5 ஏக்கருக்கு, ஆராய்ச்சி நிலையம் கொடுக்கும் மூல விதையான வல்லுநர் விதை 40 கிலோ. வெறும் 40 கிலோதான். ஆனால் அது சுத்தமாக, சரியான நேரத்தில் கையில் இல்லை என்றால் மேலே உள்ள 100 டன்னும் காகிதத்தில்தான். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், வருவதாகச் சொன்ன உளுந்து ஆதார விதை வராமல் ஒரு பட்டம் முழுக்க ஒப்பந்த விவசாயிகளைக் காக்க வைத்தோம். அடுத்த பட்டத்தில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. அதனால் ஆராய்ச்சி நிலையத்தை மட்டும் நம்பாமல், ஆதார விதையை நீங்களே பெருக்க 5 ஏக்கரைக் குத்தகைக்கு எடுங்கள். அந்த 5 ஏக்கருக்கு மட்டும் பாசன வசதி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிக்கலை மறைக்க மாட்டேன். ஒட்டு மக்காச்சோளம் வாங்கியவர் அடுத்த பட்டமும் வாங்கியாக வேண்டும். பயறு வாங்கியவர் எடுத்து வைத்து மூன்று, நான்கு பட்டம் ஓட்டிவிடுவார். அதில் தவறே இல்லை, அது அவர் உரிமை. அவர் திரும்பி வரும் நேரங்கள் இரண்டு: மழை பொய்த்து விதையே இல்லாமல் போகும்போது, வண்டு துளைத்துவிடும்போது. இரண்டுமே உக்கம்பானியில் அடிக்கடி நடப்பவை. அந்த நேரத்தில் உங்கள் பை பக்கத்து அக்ரோவெட் கடையில், அதாவது விதை, மருந்து விற்கும் வேளாண் கடையில், இருக்க வேண்டும். அரைக் கிலோ, ஒரு கிலோ பைகளாகப் போடுங்கள். காசு குறைவாக இருக்கும் அம்மாவும் ஒரு பை எடுத்துப்போய் முயன்று பார்க்கலாம். மாவட்ட அரசும் நிவாரண அமைப்புகளும் மொத்தமாகக் கேட்டால் கொடுங்கள், ஆனால் அதை நம்பி உற்பத்தியைக் கூட்டாதீர்கள். இலவச விதை வந்த பட்டத்தில் கடைக்காரர் உங்கள் சரக்கை வைத்துக்கொண்டு தவிப்பார், அவரை இழந்தால் எல்லாம் போச்சு.

போலி விதை கென்ய விவசாயியின் பெரிய பயம். பையில் கெஃபிஸ் ஒட்டும் சீட்டைச் சுரண்டினால் ஓர் எண் வரும், குறுஞ்செய்தி அனுப்பிச் சரிபார்க்கலாம். கடையில் உங்கள் ஆள் நின்று முதல் ஐம்பது பேருக்காவது அதைச் செய்து காட்டட்டும்.

மக்காச்சோளத்துக்கு மூன்றாம் ஆண்டில் வாருங்கள். வறட்சி தாங்கும் வெள்ளை ஒட்டு ரகங்களைச் சிமிட் என்ற சர்வதேச ஆராய்ச்சி நிறுவனம் உள்ளூர் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கிறது. கடல் மட்டத்திலிருந்து நடுத்தர உயரத்தில் உள்ள நிலத்துக்கான மூவழி ஒட்டாக, அதாவது மூன்று பெற்றோர் வழிகளைச் சேர்த்த ஒட்டாகக் கேளுங்கள். அதில் பெண் செடியே ஓர் ஒட்டு என்பதால் விதை விளைச்சல் கூடும், பையின் விலையும் குறையும். உங்கள் ஏழு வருட அனுபவம் அப்போதுதான் முழுசாகப் பயன்படும்.

உக்கம்பானியில் நம்பகமான மழை அக்டோபரில் தொடங்குவதுதான், மார்ச் மழை இல்லை. ஆகவே ஜூலைக்குள் கட்டுமானிக்குப் போய் வல்லுநர் விதைக்கு எழுதிக் கொடுங்கள், அதே வாரம் கெஃபிஸில் விதை வணிகராகப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள்.