மச்சானின் கடனை மோட்டார் சைக்கிளில் கழிக்க முடியாது

கேள்வி: எனக்கு வயது 36. சிங்கப்பூரின் துவாஸில் பராமரிப்புத் தொழில்நுட்பராக இருக்கிறேன். மத்திய சேமநிதிப் பிடித்தம் போகக் கைக்கு மாதம் 3,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வருகிறது. மனைவி பகுதிநேர வேலையில் 1,100 வெள்ளி ஈட்டுகிறார். மகள் தொடக்கநிலை இரண்டில் படிக்கிறாள். வீட்டுக்கடன் உட்பட மாதச் செலவு 3,900 வெள்ளி, சேமிப்பு 6,000 வெள்ளி. ஜோகூரின் செம்பனைத் தோட்டத் தடங்களில் வாடகை வண்டியில் ஓட்டிப் பழகிய எனக்குச் சொந்தமாக ஒரு எண்டுரோ (கரடுமுரடான தடங்களில் ஓட்டும் மோட்டார் சைக்கிள்) வாங்க ஆசை. 400 சிசி வரையிலான வண்டிக்குரிய 2ஏ உரிமமும் உண்டு. 2002இல் பதிவான சுசுகி டிஆர்இசட் 400 ஒன்று 5,500 வெள்ளிக்கு வருகிறது. புதுப்பிக்க 4,500, காலணி, கவசம், இதர செலவுகளுக்கு 2,000 என மொத்தம் 12,000 வெள்ளியை, ஆண்டுக்கு 6 விழுக்காடு நிலையான வட்டியில், 48 மாதத் தனிநபர் கடனாக எடுக்கலாமா? பட்டறையில் வேலை செய்யும் மனைவியின் தம்பியே வண்டியைப் பிரித்துச் சேர்ப்பார். அவருக்காக என் கடன்பற்று அட்டையில் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் (அட்டையின் கடன் வரம்பிலிருந்து சில மாதங்களுக்கு வட்டியின்றிப் பெறும் தொகை) மூலம் எடுத்துக் கொடுத்த 8,500 வெள்ளியைக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்கிறார். இது மனைவிக்குத் தெரியாது. இந்தக் கடன் இரண்டாண்டுக்கு முன்பு 5,000 வெள்ளியில் தொடங்கியது. 6 மாதத்துக்கு ஒருமுறை வேறு வங்கிக்கு மாற்றி வருகிறேன். வண்டியின் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) 2028 ஜூன் வரை இருக்கிறது, அப்போது புதுப்பித்துக்கொள்ளலாம், பழைய எண்டுரோவின் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்கிறார் விற்பவர். 300 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். — உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கேள்வி மோட்டார் சைக்கிளைப் பற்றியது, ஆனால் உங்கள் குடும்பத்தின் பணத்தை அரித்துக்கொண்டிருப்பது அந்த 8,500 வெள்ளி. அதைத் தீர்க்கும் வழியாகவே இந்த வண்டி உங்கள் முன் வந்து நிற்கிறது என்பதால், முதலில் அதைப் பேசிவிட்டுத்தான் வண்டிக்கு வர முடியும்.

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்பதை வட்டியில்லாக் கடன் என்று விளம்பரம் செய்கிறார்கள். இந்த விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறுமை குறைகிறது. ஒவ்வொரு மாற்றுக்கும் நடைமுறைக் கட்டணம் உண்டு. அதை 2.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் இப்போதைய தொகைக்கு ஒருமுறைக்கு 212 வெள்ளி, ஆண்டுக்கு இருமுறை என்றால் ஏறத்தாழ 425 வெள்ளி. அசலில் ஒரு வெள்ளிகூடக் குறையாமல் இந்தப் பணம் போய்க்கொண்டிருக்கிறது. கடிதத்தின் போக்கைப் பார்த்தால் அதைக் கட்டுவது நீங்கள்தான். இதைவிடப் பெரிய அபாயம், ஏதாவது ஒரு மாதம் அடுத்த வங்கி உங்கள் விண்ணப்பத்தை மறுப்பது. இங்குள்ள கடன்பற்று அட்டைகளின் வட்டி ஆண்டுக்கு 26 முதல் 28 விழுக்காடு வரை இருக்கிறது. அந்த விகிதத்தில் 8,500 வெள்ளிக்கு வட்டி மட்டுமே மாதம் 190 வெள்ளியைத் தொடும். புதிதாக 12,000 வெள்ளி தனிநபர் கடன் எடுத்த ஒருவருக்கு அடுத்த மாற்றை வழங்க வங்கி தயங்குவது இயல்பு. ஆகவே இந்த வண்டிக்கடனே அந்த மறுப்பை வரவழைத்துவிடக்கூடும்.

இனி கூலிக் கணக்கு. இயந்திரத்தைத் திறந்து பிஸ்டனும் ரிங்கும் மாற்றி, முன் ஃபோர்க்கைப் பிரித்து எண்ணெய் சீல் போட்டு, ஸ்விங் ஆர்ம், லிங்கேஜ் பேரிங்குகளை மாற்றி, சக்கரக் கம்பிகளை முறுக்கி நேராக்கி, வயரிங்கையும் பார்த்து முடிக்க 40 மணி நேரம் என்றும் மணிக்கு 40 வெள்ளி என்றும் கொண்டால் கூலி 1,600 வெள்ளி ஆகிறது. தாராளமாக 2,000 என்றே எழுதிக்கொள்ளுங்கள். மீதம் 6,500 வெள்ளி அப்படியே நிற்கும். அதையும் கூலியிலேயே கழிக்க வேண்டுமானால் இன்னும் மூன்று உடைந்த வண்டிகளை உங்கள் செலவில் வாங்கி அவர் கையில் கொடுக்க வேண்டியிருக்கும். அது மட்டுமன்று, அந்த 40 மணி நேரமும் அவர் வெளியே உழைத்து ரொக்கம் ஈட்டக்கூடிய நேரம். அந்த வருமானம் நின்றால் அவருக்கு மறுபடி பணம் தேவைப்படும். 5,000 வெள்ளி 8,500 ஆன கதையைப் பார்க்கும்போது அவர் யாரிடம் வந்து கேட்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மனைவியின் தம்பியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. நம் குடும்பங்களில் மாப்பிள்ளை கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் அது பேச்சாகிவிடும். ஆனால் அந்தக் கூச்சத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை இப்போது 12,000 வெள்ளிப் புதுக்கடனாக வளர்ந்து நிற்கிறது.

வண்டிக்கு வருவோம். 2028 ஜூனில் சிஓஇயைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று விற்பவர் சொன்னது தவறு. 2003 ஜூலை 1ஆம் தேதிக்கு முன்பு பதிவான மோட்டார் சைக்கிள்களை 2028 ஜூன் 30க்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓட்ட முடியாது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் 2018ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. தொன்மை வாகனத் திட்டங்களில் பதிவானவற்றுக்குத்தான் விலக்கு. 2002ஆம் ஆண்டு வண்டி அத்திட்டங்களுக்குத் தேவையான வயதை எட்டவில்லை. இத்தகைய பழைய வண்டிகளை முன்கூட்டியே பதிவு நீக்குவோருக்கு வழங்கப்பட்ட 3,500 வெள்ளி வரையிலான ஊக்கத்தொகைத் திட்டமும் 2023 ஏப்ரலில் முடிந்துவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகும் வண்டியை விற்காமல் வைத்திருந்த ஒருவர், 2028 நெருங்குவதற்குள் அதை வேறொருவர் கையில் சேர்த்துவிட முயல்கிறார் என்று நான் சந்தேகிப்பதில் தவறில்லை.

இதை உங்கள் கடனோடு சேர்த்துப் பாருங்கள். 12,000 வெள்ளிக்கு 6 விழுக்காடு நிலையான வட்டி என்றால் நான்காண்டில் 2,880 வெள்ளி. ஆக 14,880 வெள்ளியை 48 மாதத்தில், மாதம் 310 வெள்ளியாகக் கட்டுவீர்கள். அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழு அசலுக்கே கணக்கிடப்படுவதால் உண்மையான வட்டி விகிதம் ஏறத்தாழ 11 விழுக்காடு. 2026 நடுவில் கடன் எடுத்தால் கடைசித் தவணை 2030 நடுவில் வரும். வண்டியோ 2028 ஜூனோடு சாலையை விட்டு இறங்கிவிடும். ஓட்ட முடியாத வண்டிக்காக மேலும் 24 தவணைகள், அதாவது 7,440 வெள்ளி கட்டிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் குடும்பத்தில் மாதம் மிஞ்சுவதே 600 வெள்ளிதான். அதில் தவணை போக மீதமாகும் 290 வெள்ளியிலிருந்துதான் காப்புறுதி, சாலை வரி, ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பரிசோதனை, எரிபொருள், ஜோகூர் பயணம் ஆகிய எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்.

பழைய எண்டுரோவின் விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்ற பேச்சு அண்மைக்காலத்தில் அதிகமாகக் காதில் விழுகிறது. பதிவுக்கு ஆயுள் வரம்பு இல்லாத நாடுகளில் அதற்கு இடமிருக்கலாம். இங்கே மோட்டார் சைக்கிளின் விலையில் பெரும்பங்கு சிஓஇயில் எஞ்சியிருக்கும் மாதங்களுக்கானது. மாதம் செல்லச் செல்ல அது குறையத்தான் செய்யும். கார்களுக்குக் கிடைப்பது போன்ற பதிவுநீக்கக் கழிவும் மோட்டார் சைக்கிள்களுக்குக் கிடையாது. 4,500 வெள்ளி செலவழித்து அழகாக்கிய வண்டியை 2028 மே மாதத்தில் விற்கப் போனால் உதிரிபாக விலைதான் கேட்பார்கள். உதிரிபாகங்களை ‘இப்போது வாங்கிப் பிறகு கட்டும்’ திட்டங்களில் எடுக்கலாம் என்று பட்டறையில் யாராவது யோசனை சொன்னால் அதையும் மறுத்துவிடுங்கள். மூன்று கடையில் மூன்று தவணை என்று சிதறும்போது மொத்தக் கடன் எவ்வளவு என்பதே கண்ணில் படாமல் போகும்.

இப்போது செய்ய வேண்டியவை. முதலில் இன்றோ நாளையோ உங்கள் மனைவியிடம் 8,500 வெள்ளியைப் பற்றி முழுவதும் சொல்லுங்கள். அவருடைய தம்பி என்பதால் மறைத்தீர்கள். ஆனால் அவருடைய தம்பி என்பதால்தான் அவர் முன்னின்று பேசினால் காரியம் நடக்கும். அடுத்து, இப்போதைய பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் காலம் முடிவதற்குள் அந்தத் தொகையை, முடியும் தேதி தெரிந்த ஒரு 24 மாதத் தவணைக் கடனாக மாற்றிவிடுங்கள். 3 விழுக்காடு நிலையான வட்டியில் கிடைத்தால் வட்டி 510 வெள்ளி, மாதத் தவணை சுமார் 375 வெள்ளி. அதை உங்கள் மைத்துனரின் வங்கிக் கணக்கிலிருந்து, அவர் சம்பளம் வரும் மறுநாளே உங்கள் கணக்குக்குத் தானாக மாறும் நிலையான உத்தரவாக அவரே அமைக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் நீங்கள் கேட்டு வாங்கும் ஏற்பாடாக இருந்தால் மூன்றாம் மாதமே நின்றுவிடும். முழுத்தொகை அவரால் முடியாதென்றால் 190 வெள்ளியாவது அவர் கட்டட்டும். மீதி 185ஐ நீங்கள் போடுங்கள். வண்டிக்காக 310 வெள்ளி கட்டத் தயாராக இருந்த உங்களுக்கு இது புதுச் சுமையன்று, அதிலும் 125 வெள்ளி மிஞ்சும். அந்த அட்டைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிடுங்கள். அடுத்த முறை அவர் கேட்கும்போது ‘அட்டை இல்லை’ என்று உண்மையாகவே சொல்ல முடிய வேண்டும்.

தடத்தில் ஓட்டும் ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. உடலைக் களைக்க வைத்து மனத்தைத் தெளிய வைக்கும் பொழுதுபோக்கு அது. வாரம் ஆறு நாள் தொழிற்சாலைக்குள் இருப்பவருக்கு அதன் மதிப்பு எனக்குத் தெரியும். ஆனால் சிங்கப்பூரின் இயற்கை வனப்பகுதிகளில் மோட்டார் சைக்கிள் ஓட்ட அனுமதி இல்லை, எப்படியும் நீங்கள் ஜோகூரின் கோத்தா திங்கி, கூலாய் பக்கம்தான் போகிறீர்கள். அங்கே வழிகாட்டியுடன் வண்டி வாடகைக்கு ஒரு நாளைக்கு 450 ரிங்கிட் என்றாலும் 150 வெள்ளிக்குள் முடியும். ஆண்டுக்கு எட்டு முறை போனால் 1,200 வெள்ளி; தவணைக்கு மட்டும் நீங்கள் கட்டவிருந்த 3,720 வெள்ளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கிளட்ச் லீவர் வளைந்தாலும் ரேடியேட்டர் நசுங்கினாலும் வண்டி உங்களுடையதாக இருக்காது. நல்ல காலணியும் முழங்கால் கவசமும் மட்டும் இப்போதே, ரொக்கத்தில், புதிதாக வாங்குங்கள். அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கடன் முடிந்த பிறகு சொந்த வண்டியைத் தேடும்போது, 2003 ஜூலைக்குப் பிறகு பதிவானதாகவும், சிஓஇயில் குறைந்தது ஐந்தாண்டு எஞ்சியிருப்பதாகவும் பாருங்கள். பதிவுத் தேதியையும் சிஓஇ முடிவுத் தேதியையும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் நீங்களே சரிபார்க்க வேண்டும், விற்பவரின் வாய்ச்சொல் போதாது. ஐந்தாண்டுக்கு மட்டும் புதுப்பிக்கப்பட்ட சிஓஇயை மறுபடி புதுப்பிக்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். மோட்டார் சைக்கிள் சிஓஇ கட்டணம் 2022 இறுதியில் 13,000 வெள்ளியைத் தாண்டியதைப் பார்த்தோம். புதுப்பிக்கும் செலவு முந்தைய மூன்று மாதச் சராசரியை ஒட்டி அமைவதால், மலிவாகக் கிடைத்த வண்டி புதுப்பிக்கும் நாளில் மலிவாக இருக்காது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது இயந்திரத்தை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த நிலையில் அது எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் பாதி உண்மை இருக்கிறது. இருக்கையைக் கழற்றிக் காற்று வடிகட்டியைப் பாருங்கள்: வடிகட்டியைத் தாண்டி உட்குழாயில் செம்மண் படிந்திருந்தால் அந்த மண் சிலிண்டருக்குள்ளும் போயிருக்கும், பிஸ்டன் செலவை விலையில் கழித்தே பேசுங்கள். ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் பேரிங்கின் நிலை தெரியும். ஃபோர்க் குழாயில் கீறல் இருந்தால் புது சீல் போட்டும் எண்ணெய் கசியும். வாங்கிய பின் பிரேக், பேரிங், டயர், சங்கிலி ஆகியவற்றுக்கு முதலில் செலவழியுங்கள். பிளாஸ்டிக்கும் ஸ்டிக்கரும் ஓராண்டு காத்திருக்கலாம். புகைபோக்கியை மாற்றுவதானால் அங்கீகாரச் சான்று உள்ளதை மட்டுமே பொருத்துங்கள், இல்லையென்றால் பரிசோதனையில் திருப்பி அனுப்புவார்கள். உங்கள் மைத்துனர் வேலை செய்தால் அவருக்கு உரிய கூலியை ரொக்கமாகக் கொடுங்கள். அவருடைய கடன் வேறு கணக்கு, இந்தக் கூலி வேறு கணக்கு.

காப்புறுதி நிறுவனத்திடம் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: மேற்கு மலேசியாவில், சாலை அல்லாத தோட்டத் தடத்தில் விபத்து நேர்ந்தால் பாலிசி செல்லுமா என்று. உங்கள் தனிநபர் விபத்துப் பாலிசிக்கும் இதே கேள்வி பொருந்தும். வாடகை வண்டியில் போகும் இந்த இரண்டு ஆண்டுக்கும் அந்தப் பதில் தேவை.

அந்த 300 வெள்ளி முன்பணத்தை, சிஓஇயைப் புதுப்பிக்கலாம் என்று சொன்னது தவறு என்பதைக் காட்டி, குறுஞ்செய்தியில் திருப்பிக் கேளுங்கள். அவர் தர மறுத்தால் விட்டுவிடுங்கள். 300 வெள்ளியைக் காப்பாற்ற 12,000 வெள்ளிக்குக் கையெழுத்திட வேண்டாம். வங்கியில் விண்ணப்பம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், தொகை கணக்குக்கு வருவதற்கு முன் இந்த வாரமே ரத்து செய்துவிடுங்கள்.