காயலான் கடைக்குப் போகும் பையில் என்ன இருக்கணும்?

வண்டி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டாடா ஏஸ் வைத்திருக்கிறேன். சில்லறை வேலைகளை நானே பார்த்துக்கொள்ள ஆசை. கடையில் 108 பீஸ் டூல் செட்டைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?
(வாசகர், தாராபுரம்)

பதில்: வேண்டாம். அந்தப் பெட்டியில் பெரும்பகுதி திருப்புளி பிட்டும் கால் இஞ்ச் டிரைவ் (கைப்பிடியில் மாட்டும் சதுர முனையின் அளவு) குட்டி பாக்ஸும் (நட்டைக் கவ்வும் சாக்கெட்) தான். சரக்கு வண்டியில் அவற்றுக்கு வேலை குறைவு. அந்தப் பணத்துக்கு அரை இஞ்ச் டிரைவ் ராட்செட் ஒன்று, 5, 10 இஞ்ச் எக்ஸ்டென்ஷன், 10, 13, 17, 19, 22, 24 மி.மீ. பாக்ஸ், அதே அளவுகளில் ஒரு முனை ரிங், மறுமுனை ஓப்பன் ஸ்பேனர் என்று தனித்தனியாக வாங்குங்கள். தபாரியா மாதிரி கம்பெனி சாமானே போதும்.

அளவை உங்கள் வண்டியில் பார்த்த பிறகே கடைக்குப் போங்கள். 8 மி.மீ. தடிமனுள்ள போல்டின் தலை டாடா, மஹிந்திராவில் பெரும்பாலும் 13 மி.மீ. ஜப்பான் வழி வந்த மாருதி சூப்பர் கேரியில் அதே போல்டுக்கு 12. 10 மி.மீ. போல்டுக்கு அங்கே 14 போடணும். 12க்குப் பதில் 13ஐ மாட்டித் திருகினால் தலை மொட்டையாகிவிடும்.

பாக்ஸின் உட்பக்கத்தையும் பாருங்கள். பன்னிரண்டு மூலை உள்ளது மாட்டச் சுலபம், ஆனால் துருப்பிடித்த போல்டின் விளிம்பை மட்டும்தான் கவ்வும். ஆறு மூலை பாக்ஸ் முகம் முழுக்க உட்காரும். அடிப்பக்க வேலைக்கு ஆறு மூலைதான்.

கேள்வி: சைலன்ஸர் நட்டும், பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் நட்டுகளும் அசைவதே இல்லை. ராட்செட்டில் பைப் மாட்டி இழுத்தேன், ராட்செட்டே போய்விட்டது.
(வாசகர், திருச்செங்கோடு)

பதில்: ராட்செட்டுக்குள் இருக்கும் பல் சின்னது, கழன்ற நட்டை வேகமாகச் சுற்றத்தான் அது. இறுகினதைக் கழற்ற 24 இஞ்ச் பிரேக்கர் பார் (பாக்ஸ் மாட்டும் நீளக் கைப்பிடி) வாங்குங்கள், அதில் பல்லே கிடையாது.

முதலில் வெளியே நீட்டிய மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். அதில் கிடக்கும் மண்ணும் துருவும்தான் நட்டு பாதி கழன்றதும் மாட்டிக்கொண்டு போல்டை முறிக்கும். பிறகு துரு ஆயில் அடித்து ஒரு ராத்திரி விடுங்கள், காலையில் இன்னொரு முறை அடியுங்கள். நட்டின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து, எதிர்ப் பக்கத்தில் இன்னொரு சுத்தியலால் நாலைந்து அடி. அதன் பிறகு பாரைப் போட்டு, கழற்றும் பக்கம் இழுக்காமல் இறுக்கும் பக்கம் இம்மியளவு அசையுங்கள். 'கிரிச்' என்று சத்தம் வந்தால் துரு விட்டது என்று அர்த்தம். அப்புறம் கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, மறுபடி ஆயில். நட்டு பஞ்சு மாதிரி லேசாகச் சுற்றுகிறதென்றால் போல்ட் முறுகி நீள்கிறது. நிறுத்திவிட்டு நட்டை உளியால் பிளந்து எடுங்கள். கழற்றிய யூ போல்டைத் திரும்பப் போடவே கூடாது, புதுசுதான்.

கேள்வி: பின் ஆக்சில் ஹவுசிங்கும் (பின் அச்சும் அதன் பல்சக்கரங்களும் இருக்கும் கூடு) டைனமோவும் பழசு பார்க்க சென்னை புதுப்பேட்டைக்குப் போகிறேன். என்னென்ன டூல் கொண்டுபோக?
(வாசகர், ஆரணி)

பதில்: கழற்றும் டூல் அநேகமாகத் தேவைப்படாது. அங்கே பிரிப்பது கடைக்காரரின் ஆள், நீங்கள் பார்ப்பது கழற்றி அடுக்கியதை. அதனால் பையில் இருக்க வேண்டியது அளக்கிற, சோதிக்கிற சாமான்: 150 மி.மீ. வெர்னியர், 3 மீட்டர் டேப், மல்டிமீட்டர், டார்ச், சாக்பீஸ், வேஸ்ட் துணி, கையுறை. கூடவே 13, 17, 19 ஸ்பேனர் மட்டும்.

ஹவுசிங்கில் பலர் ஏமாறுவது ரேஷியோவில், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் பக்கத்துத் தண்டு எத்தனை சுற்று சுற்றணும் என்பதில். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளே கிரவுன் (பெரிய பல்சக்கரம்), பினியன் (சின்னது) பல் எண்ணிக்கை வேறாக இருக்கும். மாற்றிப் போட்டால் வண்டி ஏற்றத்தில் திணறும், அல்லது சமதளத்தில் இன்ஜின் அலறும். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். பார்ப்பது சுலபம். ஒரு பக்க பிரேக் டிரம்மை அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். இன்னொரு டிரம்மிலும் பினியன் ஃபிளாஞ்சிலும் (தண்டு மாட்டும் வட்டத் தட்டு) சாக்பீஸ் கோடு போட்டு, டிரம்மைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஃபிளாஞ்ச் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் ரேஷியோ. பினியனில் 8 பல், கிரவுனில் 41 பல் என்றால் ஐந்து சுற்றும் ஒரு அரைக்காலும் வரும். உங்கள் வண்டியிலும் முந்தின நாளே இதைச் செய்து குறித்துக்கொண்டு போங்கள். பட்டை உட்காரும் இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரம், ஃபிளாஞ்ச் போல்ட் துளைகளின் இடைவெளி, டிரம்மின் உள்விட்டம் ஆகியவையும் அந்தக் காகிதத்தில் இருக்கட்டும்.

அடுத்து டிரெயின் பிளக்கை (எண்ணெய் வடிக்கும் அடிப்பக்கத் திருகு) கழற்றச் சொல்லுங்கள். விரலில் மை மாதிரி சாம்பல் நிறக் கசடு ஒட்டினால் அது சாதாரணத் தேய்மானம். நெருடுகிற துணுக்கு இருந்தால் அடுத்த கடை. எண்ணெயே இல்லாமல் துடைத்து வைத்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

டைனமோவில் புல்லியைக் கையால் சுற்றி பேரிங் கரகரக்கிறதா, ஆடுகிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, பாடிக்கும் பேட்டரி ஒயர் மாட்டும் பெரிய போல்டுக்கும் இடையே ஒயர்களை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டினால் டயோடு ஷார்ட். பாஸானாலும் முழு உறுதி கிடையாது. வண்டியில் மாட்டி ஓடவிட்டு, பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால்தான் வேலை செய்கிறது என்று சொல்ல முடியும். ஆகவே மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுக்குமுன் பேசி, பில்லில் எழுதி வாங்குங்கள்.

பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர், லைனர், ஸ்டியரிங் பால் ஜாயின்ட் இவற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் பழசு வாங்காதீர்கள். நம்பர் தேய்த்த இன்ஜினைத் தொடவே வேண்டாம். நல்ல இன்ஜின் என்றாலும் பில்லோடு ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும்.

கேள்வி: பேட்டரி இம்பாக்ட் கன் வாங்கினேன். கையில் இருக்கும் பளபள பாக்ஸையே அதில் போடலாமா?
(வாசகர், சங்ககிரி)

பதில்: கூடாது. குரோம் பாக்ஸ் கடினம், அதிர்ச்சி தாங்காமல் சில்லாகத் தெறிக்கும். கறுப்பு நிற இம்பாக்ட் பாக்ஸ்தான் அதற்கு. வீல் நட்டைக் கன்னால் கழற்றுங்கள். மாட்டும்போது கையால் மரை பிடிக்கவைத்து, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, கடைசி இறுக்கு டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு. 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தரம் பாருங்கள்.

கேள்வி: 5 டன் பாட்டில் ஜாக்கி இருக்கிறது. ஏஸுக்கு ஸ்டாண்ட் (தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கி) தனியாக வேணுமா?
(வாசகர், மேலூர்)

பதில்: வேணும். ஒரு ஜோடி. பாட்டில் ஜாக்கி தாங்குவது உள்ளே எண்ணெயை அடைக்கும் ஒரு ரப்பர் சீலை நம்பி. அது கசிந்தால் எத்தனை டன் ஜாக்கி என்பதில் பிரயோஜனம் இல்லை. செங்கல், ஹாலோ பிளாக் அண்டக் கொடுப்பதும் வேண்டாம், சொல்லாமல் உடையும்.