அக்காவின் கவலையும் செல்லின் கதிர்கோலும்

ஐயா,

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றுகிறார்கள். செல் பிரியும்போது உருவாகும் கதிர்கோல் இழைகளில் ஸ்ட்ரெஸ் புரதங்களுக்குப் பங்கு உண்டு என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது எப்படி? குடும்பக் கவலையிலேயே வெந்துபோனவள் அவள். அந்த ஸ்ட்ரெஸ்தான் இப்படி வந்து நிற்கிறதா? நெல்லிச்சாறு கொடுத்தால் அந்தப் புரதம் குறையுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

நெல்லிச்சாறு அக்காவுக்குப் பிடித்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

1962இல் ஃபெருச்சியோ ரிட்டோசா என்ற இத்தாலிய விஞ்ஞானி, சூடுபட்ட பழ ஈக்களின் குரோமோசோம்களில் புதிய வீக்கங்களைக் கண்டார். வீக்கம் என்பது அங்கே மரபணு வேலை செய்வதன் அடையாளம். சூட்டில் குலையும் புரதங்களைத் தாங்கிப்பிடிக்க செல் வேறு புரதங்களைச் செய்துகொள்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது. அவைதான் ஸ்ட்ரெஸ் புரதங்கள். செல்லுக்கு நெருக்கடி என்றால் சூடு, நச்சு, ஆக்சிஜன் பற்றாக்குறை. நெருக்கடி இல்லாதபோதும் இந்தப் புரதங்களுக்கு வேலை உண்டு. செல் பிரியும்போது நெக்6 என்ற நொதி, எச்எஸ்பி72 என்ற ஸ்ட்ரெஸ் புரதத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அந்தப் புரதம், குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கும் இழைக் கட்டான கதிர்கோலுக்குப் போய், அவற்றைப் பற்றியிருக்கும் இழைகளை உறுதிப்படுத்துகிறது. இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2015இல் காட்டியது இது. அந்தப் புரதம் இல்லையென்றால்தான் பிரிதல் தடுமாறும். புற்றுச் செல்லும் அதே உதவியைப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் அக்காவின் கவலை அங்கே எங்கே வந்தது?

என் சித்திக்கும் இதே நோய்தான். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு தீர்ப்பையும் கொண்டுவந்தார்கள்: "எல்லாத்தையும் மனசுலயே போட்டுப் புழுங்கினா, அதான்." ஒருநாள் சித்தி என் அம்மாவிடம் கேட்டார்: "நான் சிரிச்சுக்கிட்டே இருந்திருந்தா வந்திருக்காதாக்கா?" அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. மருந்தின் வாந்தியையும் முடி கொட்டியதையும் தாங்கியவர், இந்தக் கேள்வியைக் கடைசிவரை தாங்க முடியாமல் சுமந்தார்.

அதனால்தான் உங்கள் கடிதத்தின் அந்த ஒரு வரி எனக்குக் கோபமூட்டியது. கவலைப்பட்டதால் மார்பகப் புற்றுநோய் வந்தது என்று யாரும் உறுதியாக நிறுவியதில்லை. வயது, பிஆர்சிஏ போன்ற மரபணுக்களில் பரம்பரையாக வரும் பிழை, செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் தற்செயலாக நேரும் தவறுகள் என்று காரணங்கள் பல உண்டு. அவற்றை விட்டுவிட்டு, படுத்திருப்பவளின் மனசைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். நோய்வாய்ப்பட்ட ஆணிடம் "நீ புழுங்கினாய்" என்று இவ்வளவு சுலபமாக யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அக்காவை வேகவைத்தவர்கள் மேல் உங்களுக்குக் கோபம் இருந்தால், அதை அவர்களிடம் காட்டுங்கள். நியாயமான கோபம்தான். அதை அக்காவின் நோய்க்கான காரணமாக மாற்றி அவள் காதில் போடாதீர்கள். ஏற்கெனவே சொல்லிவிட்டீர்களென்றால் இன்றே போய், அது தப்பு என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அக்காவுக்கு ஏற்றும் பாக்லிடாக்செல் வேலை செய்வதும் இதே கதிர்கோலில்தான். அதன் இழைகளான நுண்குழல்களைக் கலையவிடாமல் இறுக்கி, புற்றுச் செல்லைப் பாதிப் பிரிதலில் நிறுத்துகிறது. நரம்புகளுக்குள்ளும் நுண்குழல்கள் இருப்பதால் விரல்கள் மரத்துப்போகலாம், குத்தலாம். அக்கா "பரவாயில்லை" என்று மறைப்பாள். நீங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த டோஸுக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவை மாற்ற வேண்டுமா என்று அவர் பார்ப்பார்.