1930ஆம் ஆண்டுக் கடிதத்துக்கு எந்தத் தபால்தலை?

கேள்வி: மன்னார்குடியில் எங்கள் நாடகக் குழு வேதாரண்யம் உப்பு யாத்திரையை நடித்துக் காட்டவிருக்கிறது. தொண்டர்கள் வழியிலிருந்து வீட்டுக்கு எழுதும் கடிதங்களைப் பார்வையாளர்களும் கையில் வாங்கிப் பார்ப்பார்கள். அவற்றில் ஒட்டுவதற்கு, இணையத்தில் கிடைத்த ஓரணாத் தலையைக் கலர் பிரிண்டரில் அச்சிட்டுக்கொள்ளலாமா? படத்தை இணைத்துள்ளேன்.

பதில்: அச்சிட வேண்டாம். அரசு வெளியிட்ட தபால்தலையைப் போலவே ஒன்றைத் தயாரிப்பதும், தகுந்த காரணமின்றி அதைக் கையில் வைத்திருப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 186ஆம் பிரிவின்படி (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 263ஏ) அபராதத்துக்குரிய குற்றம். அபராதம் 200 ரூபாய்க்கு மேற்படாது என்றாலும், பள்ளிப் பிள்ளைகளும் பங்குகொள்ளும் ஒரு நிகழ்ச்சிக்கு அந்த வம்பு எதற்கு? மேலும், நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பவர் ஆறாம் ஜார்ஜ். செந்நிறத்திலான அந்த ஓரணாத் தலை 1937இல்தான் வெளிவந்தது; ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டதோ 1930 ஏப்ரல் 13ஆம் தேதி.

அந்த ஏப்ரலில் உள்நாட்டுக் கடிதத்துக்கு ஓரணா, கார்டுக்கு அரையணா. இந்தக் கட்டணம் 1931 டிசம்பரில்தான் உயர்ந்தது. ஆகவே உங்களுக்கு வேண்டியது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த, காப்பிப்பொடி நிறத்து ஓரணாத் தலை. கோடிக்கணக்கில் புழங்கியதால் முத்திரை விழுந்த பழைய தலைகள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் மலிவாகவே கிடைக்கின்றன. அசலே இவ்வளவு எளிதில் கிடைக்கும்போது நகலுக்கு அலைய வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். மேலே கறுப்பு எழுத்தில் 'சர்வீஸ்' என்று அச்சிட்ட தலை அரசு அலுவலகங்களுக்கு உரியது. அது கலெக்டர் கச்சேரியிலிருந்து வரும் கடிதத்துக்குப் பொருந்துமேயன்றி, தொண்டரின் கடிதத்தில் இருந்தால் காட்சியே பொய்யாகிவிடும். அடுத்தது வாட்டர்மார்க், அதாவது தாளிலேயே பதிந்திருக்கும் மங்கலான குறி. தலையைக் கவிழ்த்துக் கறுப்புத் தட்டில் வைத்து, விளக்கைச் சாய்வாகக் காட்டினால், சிறு நட்சத்திரங்கள் நெருக்கமாகப் பரவியிருப்பது மங்கலாகத் தெரியும். அது நாசிக் அச்சகம் தொடங்கிய பிறகு, 1926 முதல் வந்த தலை. ஒற்றை நட்சத்திரம் மட்டும் தெரிந்தால் அது லண்டனில் அச்சான முந்தைய தலை. அதையும் தள்ளிவிட வேண்டாம், பழைய இருப்பு புழக்கத்தில் தொடர்ந்து இருக்கக்கூடியதுதான்.

ஒரு மூலையில் மட்டும் முத்திரை பட்ட தலைகளாகப் பொறுக்கி, உறையின் வலது மேல்மூலையில் கஞ்சிப்பசையால் ஒட்டுங்கள். பிறகு எடுக்க வேண்டுமானால் நீரில் ஊறவைத்தால் போதும். தலையில் பாதியில் நிற்கும் முத்திரை வளையத்தை உறையின் மேல் கறுப்பு மையால் கையாலேயே, சற்றுத் தீற்றினாற்போல வரைந்து முடித்துவிடலாம். ஊர்ப் பெயரும் தேதியும் வாசிக்கத்தக்க போலி முத்திரைக்கட்டை செய்வதை நான் ஆதரிக்கமாட்டேன்.

மேடையில் கட்டுக்கட்டாகக் கடிதம் தேவைப்பட்டால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது ஒரு சிறு பழுப்புச் சதுரம் மட்டுமே. ஏறத்தாழ 2 செ.மீ. அகலமும் இரண்டேகால் செ.மீ. உயரமும் கொண்ட கட்டங்களில், மன்னர் முகமோ நாட்டின் பெயரோ விலையோ இல்லாமல், உங்கள் சொந்தப் பூவேலைப்பாட்டை அச்சிடுங்கள். அசல் தலையில் 2 செ.மீ. நீளத்துக்குப் 14 துளைகள் இருக்கும். நூல் கோக்காத தையல் மெஷினில், தையல் நீளத்தை ஒன்றரை மி.மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வைத்து ஓட்டி, கத்தரிக்கோல் படாமல் கையால் கிழித்தால் ஓரத்துப் பற்கள் இயல்பாக வரும். பின்புறம் கருவேலம் பிசின் தடவிக் காயவிடலாம்.

தலையே இல்லாமலும் ஒரு காட்சியை அமைக்கலாம். காசில்லாதவர் கடிதத்தை 'பேரிங்'காக, அதாவது தலை ஒட்டாமலே, போட்டுவிடுவார். பெறுபவர் தபால்காரரிடம் இரட்டிப்புக் கட்டணம், அதாவது இரண்டு அணா, கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மகன் எங்கிருக்கிறான் என்று தெரியாத ஒரு தாய் அந்த இரண்டணாவைத் தேடி எடுப்பதைக் காட்டினால், அன்றைய தபாலின் மதிப்பு யாருக்கும் விளங்கும்.

முகவரியில் 1972இல் வந்த பின்கோடு இருக்கக் கூடாது. வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி எல்லாமே அன்று தஞ்சாவூர் ஜில்லாதான். நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்கள் 1990களில் பிரிந்தவை. ணா, றா, னா, லை, ளை போன்ற எழுத்துகளை 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் எழுதப் பழகிக்கொள்ளுங்கள். முதியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டால் ஒரு மாலையில் கைவந்துவிடும்.

ஒவ்வொரு உறையின் உள்மடிப்பிலும் 'நாடகத்துக்காகத் தயாரித்தது' என்ற குறிப்பையும் ஆண்டையும் அழியாத மையில் கட்டாயம் எழுதிவையுங்கள். உண்மையான தலை ஒட்டிய உறை பிற்காலத்தில் யார் கைக்காவது போய், யாத்திரைத் தொண்டரின் அசல் கடிதம் என்று விலைபேசப்படாமல் இருக்க அது ஒன்றே காப்பு.